பலகை ஊற ஐந்து நாள்

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் படகு மலாயாவின் லிங்கி ஆற்றங்கரையில், அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள், ஒன்றரை வருடமாகக் கிடந்தது. இருபத்தெட்டு அடி நீளம். நடுவில் சின்ன அறை. அதில் இரண்டு படுக்கை, பித்தளை விளிம்பு வைத்த நான்கு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை அதில் ஏறி ஆற்றுமுகம் வரை போய், கடலோரமாகவே போர்ட் டிக்சன் சென்று, சாயங்காலம் முகம் சிவக்கத் திரும்புவார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். படகு நின்றுவிட்டது.

அதை ஒருநாள் புது ஜப்பானிய மேலாளர் மொரிட்டா பார்த்துவிட்டார். 1943, ஜூன் பன்னிரண்டாம் தேதி. ஆட்களை எண்ணும் காலைப் பெரட்டு முடிந்து எல்லாரும் மரவள்ளிக் காட்டுக்குப் போன பிறகு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தியை ஆபீசுக்குள் கூப்பிட்டார்.

மேஜைமேல் பதினாறு பெயர் கொண்ட ஒரு தாள் இருந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போக வேண்டியவர்கள். இருபத்தாறாம் தேதி லாரி வரும். முந்தின நாள் அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவன் கணேசமூர்த்திதான். பதினோராவது பெயர் அர்ச்சுனன். கணேசமூர்த்தியின் இறந்துபோன மனைவி நீலாவதியின் அண்ணன்.

அர்ச்சுனன் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் மெஷினுக்கு இஞ்சின் ஓட்டியவன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் ஸ்டோரை மூடியாயிற்று. இஞ்சின் இல்லாத இடத்தில் இஞ்சின்காரன் எதற்கு என்று மொரிட்டா அவன் பெயரைச் சேர்த்துவிட்டார். அவனுக்குப் பதில் நான் போகிறேன் என்று கணேசமூர்த்தி கேட்டுப் பார்த்திருந்தான். மொரிட்டா சிரித்தார். கிராணி போய்விட்டால் அடுத்த பட்டியலை அடிப்பது யார்?

இன்று அவர் சிரிக்கவில்லை. ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி மலாயில் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி நான் அந்தப் படகில் போக வேண்டும். ஓடினால் உன் மைத்துனன் படகோட்டியாக இங்கேயே இருப்பான். ஓடாவிட்டால் லாரி.

"போலே?" என்றார். முடியுமா என்று அர்த்தம்.

"போலே, துவான்" என்றான் கணேசமூர்த்தி.

சொல்லும்போதே அவனுக்குத் தெரியும், அந்த இஞ்சினில் ஒரு சாமான் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

அர்ச்சுனனுக்கு முப்பத்திரண்டு வயது. வாய் ஓயாது. கொட்டகைக்குள் நுழைந்ததும் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"என்னா மாப்பிள்ளை, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஓரமா நிக்கிறீங்க? ஏறுங்க லா."

"பாம்பு கிடக்கும், மச்சான்."

"கெடக்கட்டும். சயாமுக்குப் போனா புலியாம். அதுக்கு இது தேவலை."

பாம்பு இல்லை. எலி இருந்தது. மெத்தையைக் குதறிக் கூடு கட்டியிருந்தது. ஆணியில் துரையின் வெள்ளைத் தொப்பி பூஞ்சை பிடித்துத் தொங்கியது. அர்ச்சுனன் அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "டேய் கிராணி, காப்பி கொண்டா!" என்று உறுமினான். கணேசமூர்த்தி எலிக்கூட்டை வாரி வெளியே போட்டான்.

"சிரிப்பு வராதுன்னு தெரியும். வேஷம் கட்டினவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று சொல்லி அர்ச்சுனன் தொப்பியை ஆணியிலேயே மாட்டினான்.

நாலு நாள் இருவரும் முழங்கை வரை கிரீஸில் கிடந்தார்கள். புகைக்குழாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி உதிர்த்தார்கள். பிஸ்டன்கள் துருவில் ஒட்டிக் கிடந்தன. சிலிண்டருக்கு ஒரு குவளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். நாலாம் நாள் கைப்பிடியை இருவருமாகப் பிடித்து அழுத்தியதும் இஞ்சின் ஒரு முனகலோடு சுற்றிக் கொடுத்தது. அர்ச்சுனன் விசிலடித்தான்.

படகின் உடம்புதான் மோசம். ஒன்றரை வருடம் தண்ணீர் காணாத பலகைகள் காய்ந்து சுருங்கியிருந்தன. கொட்டகையில் நின்றே படகின் வயிற்றுக்குள் பகல் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்து மலாய்க் கிராமத்துப் படகுக்காரர் பாக் சாலேயை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் ஒரு பலகை இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். மரம் நல்ல மரம், தாகமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். தண்ணீரில் இறக்கிக் கட்டிவிடுங்கள். முதல் நாள் உள்ளே கொட்டும்; இறைத்துக்கொண்டே இருங்கள். மரம் குடித்து வீங்கும். ஐந்து நாளில் இடுக்கெல்லாம் தானே மூடிவிடும். ஒரு மெழுகும் வேண்டாம்.

இறக்குவதற்கு இருபது ஆள் வேண்டும். கணேசமூர்த்தி மொரிட்டாவிடம் கேட்டான். மரவள்ளிக் காட்டிலிருந்து இருபது ஆளை எடுக்க மொரிட்டா ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் இஞ்சின் சத்தம் என் காதில் விழட்டும், பிறகு ஆட்கள் என்றார்.

அப்போது தேதி பதினாறு. அன்று மத்தியானம் அர்ச்சுனன் இஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றினான். குனிந்தபடியே இருந்தான்.

"மாப்பிள்ளை, இங்க ஒரு சாமானைக் காணோமே."

மின்பொறியை நாலு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரித்து அனுப்பும் ரோட்டார். உள்ளங்கையில் அடங்கிவிடும் துண்டு. அது இல்லாமல் இஞ்சின் வெறும் இரும்பு.

"வெள்ளைக்காரன் போறப்ப கழட்டி ஆத்துல வீசிட்டான் போல. கெட்டிக்காரன்."

கணேசமூர்த்தி ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

"இருக்கும்" என்றான்.

ரோட்டார் ஆற்றில் இல்லை. பழைய பிஸ்கட் டின்னில், கிரீஸ் துணி சுற்றி, அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. துரை கார் ஏறும்போது அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீ காலேஜில் படித்தவன், உன்னை நம்புகிறேன், நான் திரும்பி வரும்வரை வேறு எவனும் என் படகை ஓட்டக் கூடாது என்றார். அவனும் சரி என்றான். நீலாவதிதான் டின்னை வாங்கித் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். துரை சாமானை ஒளித்து வைத்திருப்பவனின் தலை போகும் என்று ஜப்பான்காரன் நோட்டீஸ் ஒட்டியபோது, அதை ஆற்றில் எறியவும் பயமாக இருந்தது, கொண்டுபோய்க் கொடுக்கவும் பயமாக இருந்தது. பெட்டியிலேயே இருந்துவிட்டது.

போன நவம்பரில் வெள்ளம் வந்து மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்கு மறுநாள் நீலாவதிக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்தம் போக ஆரம்பித்தது. அக்கரையில், கொஞ்சம் கீழே, பெங்காலான் துறைக்குப் போய்விட்டால் லாரி கிடைக்கும், போர்ட் டிக்சன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். துடுப்புப் போடும் சின்னச் சம்பான் அந்த இழுப்பில் நிற்காது. அர்ச்சுனன் மழையில் ஓடிவந்து கேட்டான்: "துரையோட மோட்டார் போட்டு இருக்கே மாப்பிள்ளை? வெள்ளம் கொட்டகை வாசல்ல நிக்குது. தள்ளக்கூட வேணாம்."

"அது ஓடாது, மச்சான்" என்றான் கணேசமூர்த்தி.

துரைக்குக் கொடுத்த வாக்கா, நோட்டீஸ் பயமா, காய்ந்த பலகை ஒழுகும் என்ற யோசனையா, எது அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் நீலாவதி போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை.

இல்லாத சாமானைத் தானே செய்துவிடுவதென்று அர்ச்சுனன் முடிவு கட்டினான். எருமைக்கொம்பில் ஒரு துண்டு வெட்டி, அரத்தால் ராவி, முனையில் பித்தளைத் தகடு பதித்தான். மாட்டிச் சுற்றினால் பொறி கொம்பின் மேலேயே ஓடி வீணானது. இன்னொன்று செய்தான். அது பிளந்தது. மூன்றாவதை எண்ணெயில் வாட்டி எடுத்தான். ஒரே ஒரு முறை இஞ்சின் தும்மியது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, எருமைக்கு உசுரு வருது!"

ஒவ்வொரு நாளும் கணேசமூர்த்தி அரத்தை எடுத்துக் கொடுத்தான், விளக்கைப் பிடித்தான், பித்தளைத் தகட்டை வெட்டினான். ஒவ்வொரு நாளும், இந்தத் துண்டு ஓடிவிடும், சொல்ல வேண்டி வராது என்று நினைத்தான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது போயின.

இருபத்தொன்றாம் தேதி அர்ச்சுனனின் மனைவி பஞ்சாலை அவித்த மரவள்ளியைக் கூடையில் கொண்டுவந்தாள். கொட்டகை வாசலிலேயே நின்று, கணவனுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. உங்களைத்தான் கேக்குறேன். இது ஓடிரும்தானே?"

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

"ஓடிரும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். அப்பா எங்கயும் போகமாட்டாருன்னு. பெரியவ அப்பறம்தான் சாப்பிட்டா."

"சாப்பாட்டை வச்சுட்டுப் போம்மா" என்றான்.

அவள் போனதும் வீட்டுக்கு நடந்தான். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. திறந்ததும் கற்பூர வாசனை. ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கட்டிலில் வைத்தான். நடுவில் ஒரு சின்னத் துணித் தொப்பி, பாதி தைத்தது, ஊசி குத்தியபடியே. அதையும் எடுத்து வைத்தான். டின் அடியில் இருந்தது. புடவைகளைத் திரும்ப அடுக்கவில்லை.

கொட்டகைக்கு வந்து டின்னை இஞ்சின்மேல் வைத்தான். அர்ச்சுனன் மூடியைத் திறந்து துணியைப் பிரித்தான். ரோட்டார் புதிது போலப் பளபளத்தது.

"எங்க கெடச்சுச்சு?"

"என் பெட்டியில இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"துரை போன அன்னைலேர்ந்து."

அர்ச்சுனன் கையிலிருந்த நாலாவது கொம்புத் துண்டைக் கீழே வைத்தான். பார்த்து வைத்தான், உருண்டு விழாதபடி.

"நவம்பர்ல?"

"இருந்துச்சு, மச்சான்."

ஆற்றில் எதுவோ துள்ளி விழுந்தது. அர்ச்சுனன் வெளியே போய் வேலியோரம் நின்றான். அவன் திரும்பி வந்து அடிப்பான் என்று கணேசமூர்த்தி எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அர்ச்சுனன் திரும்பி வந்தான். ரோட்டாரை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஸ்பானர் எடுங்க, கிராணி" என்றான்.

அதன் பிறகு அவன் மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. சிரிப்பும் இல்லை.

மறுநாள் மொரிட்டாவின் முன்னால் மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகை அதிர்ந்தது, அத்தாப்பிலிருந்து தூசி கொட்டியது. மொரிட்டா தலையை ஆட்டினார். இருபத்தைந்தாம் தேதி காலை இருபது ஆள் வருவார்கள், அன்றைக்கே புறப்பாடு என்றார். நாளைக்கே ஆள் தந்தால் பலகை கொஞ்சமாவது ஊறும் என்று கணேசமூர்த்தி கெஞ்சினான். மொரிட்டா ஏற்கெனவே நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

ஊற நாள் இல்லை. வேறு வழி தேட வேண்டும். வழியைக் கண்டுபிடித்தவன் கணேசமூர்த்திதான். தோட்டத்தில் எந்த ஓட்டையையும் அடைக்கும் வழி. ஸ்டோரில் விற்காமல் ரப்பர் ஷீட்டுகள் மலையாகக் கிடந்தன. இரண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, மொரிட்டா ஸ்டார்ட் பண்ணக் கொடுத்த நல்ல பெட்ரோலில் பாதியை ஊற்றி, ஒரு நாள் கிளறினான். ரப்பர் கரைந்து கூழானது. பழைய துணிக் கீற்றுகளை அதில் தோய்த்துப் பலகை இடுக்குகளில் உளியால் அடித்து இறக்கினார்கள். மேலே மூன்று பூச்சு. எண்ணெய்க் குழாய் மூட்டில் பழைய வாஷர் பொடிந்துவிட்டிருந்தது. அதற்கும் ரப்பர் ஷீட்டில் ஒன்று வெட்டி வைத்தார்கள். இருபத்துநாலாம் தேதி காலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை.

"நிக்கும்" என்றான் அர்ச்சுனன். அன்று அவன் பேசிய ஒரே வார்த்தை.

அன்று சாயங்காலம் எண்ணெய் வந்தது. பெட்ரோல் இல்லாத காலம். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் லாரிகள் ஓடின. நாற்றம் தலையைச் சுற்றும். டாங்கை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ரப்பரைக் கரைத்தவன் கணேசமூர்த்திதான். தன் கையாலேயே கிளறியவன். எண்ணெய் பட்டால் ரப்பர் என்ன ஆகும் என்று காலேஜில் இரண்டு வருடம் படித்தவன். ஆனாலும், டாங்கிலிருந்து வாஷரை இளக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கி, படகின் அடிவயிற்றில், அவன் அடைத்த இடுக்குகளின்மேல் தேங்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் ரப்பர் எதையும் தாங்கும். அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

இருபத்தைந்தாம் தேதி இருபது பேர் ஏலேலோ போட்டுப் படகை ஆற்றில் இறக்கினார்கள். அது நேராக மிதந்தது. கரையில் பஞ்சாலை இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். மொரிட்டா பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு அறைக்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அர்ச்சுனன் சுக்கான் பிடித்தான். கணேசமூர்த்தி இஞ்சினுக்குப் பக்கத்தில். படகு கிளம்பியது.

இருபது நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பலகைகள் அதிர, நுரை இரண்டு பக்கமும் விரிய, படகு ஆற்றை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. உடைந்த பாலத்தின் மரக்கட்டைகள் பக்கத்தில் வந்து பின்னால் போயின. அப்போதுதான் கணேசமூர்த்தியின் காலில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து தொட்டான். கரைந்த ரப்பர். கறுப்பு எண்ணெயில் சளிபோல மிதந்தது. அதற்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"மச்சான், தண்ணி!"

அர்ச்சுனன் எட்டிப் பார்த்தான். சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, மண்ணெண்ணெய் டின்னால் இறைக்க ஆரம்பித்தான். வளைத்த இடுப்பை நிமிர்த்தவில்லை. ஒரு டின், இன்னொரு டின், இன்னொரு டின். தண்ணீர் கணுக்காலிலேயே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பெங்காலான் துறை வந்தது. துறையில் ஒரு லாரி நின்றது. நாலு பேர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம்.

அர்ச்சுனன் துறையைப் பார்த்தான். இறைப்பதை நிறுத்தாமலே சொன்னான்:

"அன்னைக்கும் இறைக்க நான் இருந்தேன், கிராணி."

கணேசமூர்த்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தான். துறை பின்னால் போனது.

அடுத்த வளைவில் ஒரு துணிக் கீற்று முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் அறைக்குள் புகுந்து மொரிட்டாவின் பூட்ஸை நனைத்தது. அவர் எழுந்து, திருப்பு என்று கையை மட்டும் சுற்றிக் காட்டினார். பாதி வழியில் இஞ்சின் மூழ்கி நின்றது. இருவரும் கழி ஊன்றிப் படகைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மொரிட்டா கத்தவில்லை. கரை ஏறி, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். பதினாறு பேர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லாரி டோக்கியோ நேரம் எட்டு மணிக்கு வந்தது. சூரியன் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்தான். அது கிராணியின் வேலை. பதினோராவது பெயர் வந்தபோது, "இருக்கேன்" என்றான் அர்ச்சுனன், தாளைப் படிப்பவனைப் பார்க்காமல். பஞ்சாலை அழவில்லை. பெரிய பெண் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி உறுமியதும் அர்ச்சுனன் பக்கப் பலகைமேல் சாய்ந்து கூப்பிட்டான்.

"மாப்பிள்ளை!"

கணேசமூர்த்தி ஓடினான்.

"போட்டைக் கரையில இழுத்துப் போட்டுறாதீங்க. தண்ணியிலயே கெடக்கட்டும். இறைச்சுக்கிட்டே இருங்க."

"சரி, மச்சான்."

"அஞ்சு நாள்னு சொன்னாருல்ல அந்தக் கெழவரு? பாப்பம் லா, சரியா சொன்னாரான்னு."

லாரி போய்விட்டது.

கணேசமூர்த்தி அன்றே மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். படகு கயிற்றில் பாதி மூழ்கிக் கிடந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம் இறைத்தான்; திரும்பிப் பார்ப்பதற்குள் நிறைந்தது. இரண்டாம் நாள் இருநூறு டின். மூன்றாம் நாள் எழுபது. நாலாம் நாள் பன்னிரண்டு.

ஐந்தாம் நாள் காலை உள்ளே இறங்கி உள்ளங்கையால் அடிப்பலகையைத் தடவினான். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. வீங்கிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இடையில் இருந்த ரப்பரைப் பல்லிடுக்குச் சோறு போலத் தாமே வெளியே தள்ளியிருந்தன. ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை. ஆணியில் துரையின் தொப்பி காய்ந்து தொங்கியது.

சாமானைக் காணோம் என்ற பதினாறிலிருந்து அவன் டின்னைக் கொண்டுவந்த இருபத்தொன்று வரை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஐந்துதான்.

மொரிட்டாவிடம் போய், படகு இப்போது ஒழுகவில்லை என்றான். அவர் வேறொரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்கு எண்ணெய் இல்லை, இனி அது வேண்டாம் என்றார். தாளை அவன் பக்கம் தள்ளினார். அடுத்த மாதத்துக்கு இருபத்துநாலு பேர்; சாயங்காலத்துக்குள் அடித்துத் தர வேண்டும்.

அடித்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையும் டின்னோடு ஆற்றுக்குப் போனான். படகில் இறங்கிக் குனிந்து பார்த்தான். இறைக்க ஒன்றும் இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெரட்டுக்கு மணி அடித்ததும் ஏறிப் போனான்.